கிணற்றடிப் பலகையும் பிஞ்சு எண்ணெயும்

2014 ஓகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை. மன்னார்க் கரையிலுள்ள அரிப்பு என்னும் ஊருக்குத் தெற்கே, எங்கள் மீள்குடியேற்றத்தின் பொதுக்கிணற்றடியில், ஒரு பொய் இன்னமும் இரும்புக் காலூன்றி நிற்கிறது. "கழிவெண்ணெய் கலக்கப்பட்ட கிணறு. அருகிலுள்ள திருத்துமிடம் அகற்றப்படும்" என்பது அப்பலகையின் வாசகம். கலந்தவர் யாரென்று எழுதத் துணியாதவர்கள் செயப்பாட்டு வினைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். ஆயினும் அக்கிணற்றுக்கு அருகில் ஒரேயொரு திருத்துமிடந்தான் உண்டு; அது கொலின்சுடையது. கொலின்ஸ் குற்றமற்றவர் என்பது ஐயத்துக்கிடமின்றி உறுதியாகி ஏறத்தாழ ஓராண்டாகிறது. பலகை நிற்கிறது. இதுவே என் முறைப்பாடு.

கொலின்ஸ் கடல்வள்ளங்களின் எஞ்சின் திருத்துபவர். போர்க்காலத்தில் வள்ளமேறி இராமேசுவரம் போய், மண்டபம் முகாமில் வாழ்நாளின் பாதியைக் கழித்து, அங்கேயே தொழில் பழகி, மனைவி அன்ரோனெற்றுடன் 2010இல் திரும்பி வந்தவர். கிணற்றை ஒட்டிய காணித்துண்டு ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதில் ஒரு தகரக் கொட்டிலும் ஓர் அறை வீடும் எழுந்தன. வேலி அடைத்த அன்று, அடைத்து முடித்த வேலியை அவர் மறுபடியும் மறுபடியும் சுற்றி வந்ததை நான் கண்டேன். பிறர் மண்ணில் கூடாரம் மட்டுமே கண்ட மனிதருக்கு அதுவே முதல் வேலி.

இரண்டு ஆண்டுகளில் கடுங்கோடை வந்தது. கிணறு அடி தெரிய வற்றியது. எங்கள் கிணற்றுக் குழுவின் தலைவர் சிங்கராசா. வள்ளங்கள் வைத்துத் தொழில் நடத்தும் சம்மாட்டி, நேர்மையானவர், கோபம் மட்டும் சற்று முந்திப் புறப்படும். அவர் துளையிடும் இயந்திரக்காரரை அழைத்துவந்து, கிணற்றின் அடிச் சுண்ணப்பாறையில் ஆழத் துளை போடுவித்தார். தண்ணீர் பொங்கியது. அந்தோனியார் சிற்றாலயத்தில் மெழுகுதிரிகள் எரிந்தன.

சில மாதங்கள் கழிந்தன. நீரின் மேல் உளுந்தளவில் கறுப்புத் துளிகள் மிதக்கத் தொடங்கின. வெயில் பட்டால் வானவில் படரும். வாளியில் அள்ளினால் அழுகிய முட்டை மணக்கும். குடிநீர் மறுபடியும் பவுசர் வண்டியில் வந்தது.

சிங்கராசா கிணற்றுநீரை எடுத்துத் தலைநகரிலுள்ள தனியார் ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பினார். மண்ணெண்ணெயும் அடர்ந்த எண்ணெயும் இருப்பதாகப் பதில் வந்தது. ஒரு பத்திரிகை, "விசமிகளால் குடிநீர் நாசம்" என்று எழுதியது. விஷத்தைப் பிழையாக எழுதியதோடு, விஷயத்தையும் பிழையாக எழுதியது. எங்கள் குழுவின் முறைப்பாட்டின்பேரில் ஓர் அரச கந்தோரிலிருந்து வந்தவர்கள் பலகையை நட்டுவிட்டு, மடுமாதா ஆலயத்தின் ஆவணித் திருநாள் முடிந்ததும் கொலின்ஸ் கொட்டிலோடும் வீட்டோடும் வெளியேற வேண்டுமென்று சொல்லிப் போனார்கள்.

அன்று கிணற்றடியில் நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

"நான் ஊத்தேல்லை, தலைவர்," என்றார் கொலின்ஸ்.

"நீ ஊத்தேல்லை எண்டால் மண்ணெண்ணெய் தன்ர பாட்டில முளைச்சதே?"

அன்ரோனெற் இடுப்பில் கையூன்றி முன்னே வந்தார். "முளைக்கிறதெண்டால் எங்கட வளவுக்க முளைச்சிருக்கலாமே? லீற்றர் என்ன விலை விக்குது! கிணத்துக்க முளைச்சு ஆருக்கு லாபம்?"

சனம் சிரித்தது. ஆனால் மறுநாளே இருவர் தம் எஞ்சின்களைத் திருத்தாமலே திருப்பி எடுத்துப் போனார்கள். பவுசர் வரிசையில் அன்ரோனெற்றின் குடத்துக்கு முன்னும் பின்னும் வெற்றிடம் விழுந்தது. இந்தியாவிலிருந்து கட்டி எடுத்து வந்த பெட்டிகளைக் கொலின்ஸ் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினார். அதைக் கண்டு அன்ரோனெற் அழவில்லை. பெட்டிகளைத் தூக்கி மறுபடியும் பரணில் எறிந்தார்.

இந்நிலையில்தான் சுவேதினி வந்தார்.

மன்னார் உப்புக்குளத்தில் பிறந்து, வெளிநாட்டில் ஆய்வுப் பட்டம் பெற்று, தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவர் அவர். நாற்பது வயதிருக்கலாம். நிலத்தடி எண்ணெய்களின் வேதியியல் அவருடைய துறை. ஓர் எண்ணெய் எந்த நீர்நிலையின் சேற்றில், எவ்வகை உயிர்களிலிருந்து பிறந்தது, எவ்வளவு சூடு கண்டது என்பதை அவ்வெண்ணெயிடமே கேட்டறிவதே அவர் வேலை. கடற்கரையில் ஒதுங்கும் தார்க்கட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தவரின் வாடகை வள்ளம் எங்கள் துறையில் நின்றுவிட்டது. எஞ்சினைச் சுமந்துகொண்டு கொலின்சிடம் வந்தார்கள். அவர் அதைக் கழற்றிக்கொண்டிருக்க, சுவேதினி பலகையைப் படித்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு துளியை விரலில் தொட்டு மணந்தார்.

பவுசருக்காகக் காத்திருந்த தமிழாசிரியனான என்னிடம், "சேர், இந்தக் கிணத்தின்ர அடியில ஏதும் துளை போட்டவையோ?" என்று கேட்டார்.

போட்டதைச் சொன்னேன்.

"எண்ணெய் அதுக்கு முன்னமோ, பிறகோ?"

பிறகுதான். ஆய்வுகூடமும் பத்திரிகையும் கந்தோரும் கேட்காத கேள்வி அது. ஒரு நல்ல கேள்வியைக் கேட்கும் அழகை நான் நெடுங்காலம் கண்டதில்லை.

சிங்கராசாவை அழைத்துவரச் செய்தார்.

"அண்ணை, முதல் தண்ணியை எதில எடுத்தனீங்கள்?"

"கானிலதான், பிள்ளை."

"என்ன கான்?"

"கான் எண்டால் கான்தான். என்ர வள்ளத்துக்குக் கொண்டுபோற கான். சவர்க்காரம் போட்டு ரெண்டுதரம் கழுவிப்போட்டல்லோ எடுத்தனான்!"

எங்கள் கரையை அறியாதவருக்கு ஒரு விளக்கம். கான் என்பது கைபிடியும் மூடியுமுள்ள பிளாஸ்ரிக் கலன். இங்குள்ள எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. இன்று கான் மண்ணெண்ணெய் சுமக்கும். நாளை கழுவி, கடலுக்குக் குடிநீர் கொண்டுபோகும். மறுநாள் சுவருக்குச் சுண்ணாம்பு கரைக்கும். இடம்பெயர்ந்த காலம் முழுவதும் கானோடு அலைந்த சனம் நாங்கள். கழுவிய கான் புதுக்கான் என்பது எவரும் வாய்விட்டுச் சொல்லாத ஊர்ச்சட்டம். மண்ணெண்ணெய் மணக்கும் நீரைக் கடலில் குடித்துக் குடித்து, அந்த மணம் எங்கள் மூக்கில் ஏறாமலே போயிற்று.

சுவேதினி வாதாடவில்லை. அதே கானைக் கொண்டுவரச் செய்து, கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரை எல்லார் முன்னிலையிலும் அதில் ஊற்றி மூடி, கொட்டில் கூரையில் வெயிலுக்கு வைத்தார். பொழுது சாயுமுன் இறக்கி, வெள்ளைப் பீங்கான் கோப்பை ஒன்றில் வார்த்தார். நீரின் முகத்தில் மெல்லிய வானவில் விரிந்தது. சிங்கராசா குனிந்து மணந்தார், நிமிர்ந்தார்.

"தலைவர்," என்றார் அன்ரோனெற், "உங்கட கானுக்க ஆர் ஊத்தினது?"

சனம் வெடித்துச் சிரித்தது. கொலின்சும் சிரித்தார். சுவேதினி மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா, பொறுங்கோ. முதற் சோதனை பிழைச்சுப் போச்சு எண்டதுதான் இப்ப தெரியும். மண்ணெண்ணெய் கானால வந்தது. அந்தக் கறுப்பு எண்ணெய் கானால வரேல்லை. அது ஆரின்ர எண்டு எனக்கு இன்னும் தெரியாது."

தனக்குத் தெரியாததைத் தெரியாதென்று, அதுவும் தன் பக்கம் சனம் சாய்ந்திருந்த வேளையில், சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? அந்த இடத்தில் என் மதிப்பு அவரிடம் முழுமையாகச் சென்றது.

இம்முறை கண்ணாடியில்தான் எடுக்க வேண்டும் என்றார். பிளாஸ்ரிக் தானும் கொஞ்சம் எண்ணெய் கசியுமாம். ஊரில் கண்ணாடிப் போத்தல் எங்கே? கோயிலைப் பராமரிக்கும் சங்கிலித்தார், பூசைக்கான திராட்சை இரசப் போத்தல்களைக் கொண்டுவந்தார். அவற்றைச் சுவேதினி தாம் கொண்டுவந்த திரவத்தால் அலசி, கிணற்றின் கறுப்புத் துளிகளை ஒன்றில் சேர்த்து, தக்கைக்கும் வாய்க்குமிடையே அலுமினியத் தாள் வைத்து மூடினார். பிறகு கொட்டிலின் மூலையிலிருந்த கழிவெண்ணெய்ப் பீப்பாவைக் காட்டினார்.

"கொலின்ஸ் அண்ணை, அதிலயும் எனக்குக் கொஞ்சம் வேணும்."

அன்ரோனெற் கணவரின் கையைப் பிடித்தார்.

"ரெண்டும் ஒண்டாயிருந்தால், அப்பிடியே எழுதுவன். ஒளிக்கமாட்டன். விருப்பமில்லையெண்டால் இப்பவே சொல்லுங்கோ, எடுக்காமல் போறன்."

கொலின்ஸ் உடுத்திருந்த சாரத்தில் கையைத் துடைத்தார். பரணிலிருந்த பெட்டிகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தாமே போத்தலை வாங்கிப் பீப்பாவிலிருந்து நிரப்பிக் கொடுத்தார்.

"எழுதுங்கோ. ஆனால் பேரை மட்டும் ரெண்டு போத்தலுக்கும் மாறி ஒட்டிப்போடாதேங்கோ, பிள்ளை."

அப்போதுதான் சுவேதினி சிரித்தார்.

ஆவணித் திருநாள் நெருங்கியது. கொலின்ஸ் புதிய வேலை எதையும் ஏற்கவில்லை. திருத்தி முடித்த எஞ்சின்களை ஒவ்வொன்றாக உரியவரிடம் ஒப்படைத்தார். அன்ரோனெற் வேலியோரக் கத்தரிக்கு நீர் ஊற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை.

திருநாளுக்கு முந்திய வாரம் சுவேதினி வான் வண்டியோடு வந்தார். அவர் கையில் சுருட்டிய படத்தாள் இருந்தது. "முதல் ஒரு இடத்தைப் பாருங்கோ, பிறகு தாளைப் பாப்பம்," என்று கொலின்ஸ், அன்ரோனெற், சிங்கராசா, நான் ஆகிய நால்வரையும் ஏற்றிக்கொண்டு மன்னாருக்குப் போனார். உப்புக்குளத்துக்கு அப்பால், கடல் ஏறி இறங்கும் உவர்வெளியில் வான் நின்றது. கோடையில் வெண்மையாய் உப்புப் பூத்துக் கிடந்த தரை. சிறுமியாக விளையாடிய இடம் என்றார்.

மண்வெட்டியால் தாமே ஒரு வெட்டு வெட்டி, மண்ணைப் புரட்டினார். மேலே தோல்போன்ற பச்சைப் பாசிப்படலம். அதன்கீழ் ஊதா நிறத்தில் ஓர் இழை. அதற்கும் கீழே தார்போலக் கறுத்த சேறு. மணம் எழுந்தது.

சிங்கராசா துள்ளினார். "அட! இது எங்கட கிணத்து மணமெல்லே!"

"ஓம், அண்ணை. ஆனால் மணம் சாட்சியில்லை. மணத்தை நம்பித்தானே கொலின்ஸ் அண்ணையைப் பிடிச்சனீங்கள்? சாட்சி இஞ்ச கிடக்கு." தாளை வானின் முன்மூடியில் விரித்தார்.

மலைத்தொடர்போல ஏறியிறங்கும் கூர்முனைகள் அத்தாளில் இருந்தன. ஒவ்வொரு முனையும் ஒரு மூலக்கூறு. அவர் எங்களுக்கு விளக்கியதை, என்னால் இயன்றவரை பிழையின்றித் தருகிறேன்.

பாசிகளும் நுண்ணுயிர்களும் இறந்து சேற்றில் புதையும்போது, அவற்றின் உயிரணுச் சவ்வைக் கட்டிய சில மூலக்கூறுகளின் எலும்புக்கூடுகள் அழியாமல் தங்கிவிடுகின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகள் கழிந்து, அச்சேறு கல்லாகி எண்ணெய் சுரந்தாலும், அக்கூடுகள் எண்ணெய்க்குள் இருக்கும். உயிர் அவற்றை ஒரே கை அமைப்பில்தான் கட்டுகிறது. எல்லாம் வலக்கை என்று வைத்துக்கொள்வோம். நிலத்தின் ஆழத்தில் நெடுங்காலம் சூடு பட்டால், அவற்றுட் சில இடக்கையாகத் திரும்புகின்றன. நன்கு முதிர்ந்த எண்ணெயில் இரு கையும் ஏறத்தாழச் சமமாகிவிடும். எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெய் அத்தகைய முதிர்ந்த எண்ணெயிலிருந்து வடிக்கப்படுவது. கொலின்சின் பீப்பாவில் இரு கையும் சமமாக நின்றன.

"இப்ப கிணத்து எண்ணெயைப் பாருங்கோ." சுவேதினியின் விரல் ஓர் உயர்ந்த முனையிலும் அதனருகே கிடந்த ஒரு சிறு மேட்டிலும் நின்றது. "இது வலக்கை. இது இடக்கை. இடக்கை இருக்கெண்டே சொல்லேலாது. இந்த எண்ணெய் பெரிய சூட்டைக் காணேல்லை. முதிர்ந்த எண்ணெயைப் பிறகு ஆராலும் இளசாக்கேலாது. கொலின்ஸ் அண்ணை பீப்பாவையே கவிட்டு ஊத்தியிருந்தாலும் இந்தப் படம் வராது."

அன்ரோனெற் சிலுவை அடையாளமிட்டுக்கொண்டார்.

"சூடு காணாட்டி எண்ணெய் எப்பிடி வரும்?" என்றார் கொலின்ஸ். தம் விடுதலையைக் கேட்ட மனிதர், அதை நெஞ்சில் இறக்குமுன் இந்தக் கேள்வியைக் கேட்டார்!

சுவேதினியின் முகம் மலர்ந்தது. காலடியிலிருந்த கறுப்புச் சேற்றைக் காட்டினார். இத்தகைய உவர்நீர்ச் சேற்றில் கந்தகம் நிறைந்திருக்கும். கந்தகப் பிணைப்பு வலுக்குறைந்தது. சிறு சூட்டிலேயே அறும். ஆகவே இத்தகைய சேறு மற்றச் சேறுகளுக்கு முந்தியே, முதிருமுன்பே, எண்ணெயை விட்டுவிடுகிறது. அதனால்தான் அந்த முட்டை மணம். இன்னொரு முனையையும் காட்டினார். கமாசெரேன் என்பது அதன் பெயர். மேலே மென்னீரும் அடியில் மூச்சில்லாத கடும் உவர்நீருமாக அடுக்குப்பட்டு நின்ற நீர்நிலைகளிலேயே அது மிகுதியாகச் சேருமாம். எங்கள் கிணற்று எண்ணெயில் அது தென்னைபோல் ஓங்கி நின்றது.

நான் அந்த வெண்வெளியைப் பார்த்தேன். மனிதன் தோன்றுமுன், பெயரிட ஆளில்லாத ஓர் உவர்நீர்க் களப்பு எங்கள் ஊர்ப் பக்கத்தில் இவ்விடத்தைப்போலவே வெயிலில் கிடந்திருக்கிறது. அதன் பாசி கட்டிய கை எந்தக் கையென்று, ஒரு பூசை இரசப் போத்தலிலிருந்து இந்தப் பெண் வாசித்துவிட்டார். ஒரு செய்யுளின் சிதைந்த அடியைச் சீர் பிரித்து மீட்டவரைக் கண்டால் எப்படி எழுந்து நிற்கத் தோன்றுமோ, அப்படித் தோன்றியது. எழுந்து நிற்க இடமில்லை. ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன்.

சிங்கராசா நெடுநேரம் தாளையும் சேற்றையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இது பிஞ்சு எண்ணெய் எண்டு சொல்லுங்கோவன்."

"அதைவிட நல்ல பேர் எனக்குத் தெரியாது, அண்ணை."

முதிரா எண்ணெய் என்ற பெயரை நான் ஆயத்தமாக வைத்திருந்தேன். திருப்பி எடுத்துக்கொண்டேன்.

"பிஞ்செண்டாலும் எண்ணெய்தானே, பிள்ளை? அரேபியாக்காரர் மாதிரி நாங்களும்..."

"ஒரு சட்டி நிறைய வந்தால் பெரிய காரியம். பாறை வெடிப்புக்க தங்கினதைத்தான் உங்கட துளை திறந்துவிட்டது. துளையை அடையுங்கோ."

"திறந்தது நான்," என்றார் சிங்கராசா. பிறகு கொலின்சின் பக்கம் திரும்பினார். கொலின்ஸ் அவர் தோளில் தட்டி, "வாங்கோ, தலைவர். சீமெந்து வாங்கிக்கொண்டு போவம்," என்றார்.

நீரை இறைத்துவிட்டு, துளையை அடைக்கக் கிணற்றில் இறங்கியவர் கொலின்ஸ். மேலே அவருடைய இடுப்புக் கயிற்றைப் பிடித்திருந்தவர் சிங்கராசா. வேறெவர் கையிலும் அவர் அந்தக் கயிற்றைக் கொடுக்கவில்லை. சீமெந்து இறுகியபின் மறுபடியும் மறுபடியும் இறைத்தார்கள். துளிகள் நின்றன, மணம் நின்றது. மாரியும் வந்தது. சுவேதினி மறுபடியும் கண்ணாடிப் போத்தலில் எடுத்துப் போய்ச் சோதித்து, குடிக்கலாம் என்றார். அன்று கிணற்றடிக்கு வந்த பெண்கள் எல்லோரும் குடங்களை நிலத்தில் வைத்துவிட்டு, அன்ரோனெற் அள்ளும்வரை காத்திருந்தார்கள். அவர் அள்ளி, முதற்குடத்தைக் கத்தரிக்கு ஊற்றினார்.

குழு தன் முறைப்பாட்டை மீளப்பெற்றது. வெளியேற்றும் பேச்சை அந்தக் கந்தோர் பிறகு எடுக்கவில்லை. எஞ்சின்கள் திரும்பி வந்தன. பெட்டிகள் பரணில் இருக்கின்றன. எஞ்சியது பலகை.

சிங்கராசா இரும்பு அலவாங்கோடு அதைப் பிடுங்க வந்தார். கொலின்ஸ் மறித்தார்.

"வேண்டாம், தலைவர். நீங்கள் புடுங்கினால், கொலின்சின்ர ஆக்கள் ஒளிச்சுப் புடுங்கினவை எண்டு நாளைக்குச் சொல்லுவினம். நட்டவை வரட்டும். பகலில, சனம் பாக்க வந்து புடுங்கட்டும். அதுவரைக்கும் நிக்கட்டும்."

நான் கந்தோருக்குப் பலமுறை நடந்தேன். பலகை நட அதிகாரம் உண்டாம். பிடுங்கும் அதிகாரம் வேறு மேசையிலாம். பத்திரிகைக்காரரிடம் சுவேதினியின் படத்தையே கொண்டுபோய்க் காட்டினேன். எண்ணெய்க் கிணறு கிடைத்திருந்தால் செய்தி, கிடைக்காதது செய்தியல்ல என்றார்கள். மடுவுக்குப் போகும் யாத்திரிகர் இவ்வாண்டும் அப்பலகையைப் படித்துவிட்டு, கொலின்சின் கொட்டிலை ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டே போனார்கள். அவர் அப்போது யாரோ ஒருவருடைய எஞ்சினைக் குனிந்து திருத்திக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

இதைப் படிப்பவரே, உம்மிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பத்திரிகைச் செய்தியைப் படித்தபோது நீர் நம்பினீர். நம்பி நாலுபேருக்குச் சொன்னீர். அந்தப் பலகையை நட்ட கந்தோரில் உம் உறவினரோ நண்பரோ இருக்கிறார். அல்லது நீரே இருக்கிறீர். அவரை அழைத்துக்கொண்டு அரிப்பு வழியாக வாரும். பட்டப்பகலில் வாரும். அலவாங்கு சிங்கராசா வீட்டுக் கதவோரம் சாய்த்தபடியே இருக்கிறது. அந்தப் பலகையை உம் கையால் பிடுங்கி, கொலின்சின் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போம்.